அந்த ‘மாமன் மகள்’ அவர் எழுதியதல்ல

கடையின் இரும்புக் கதவைப் பாதி உயர்த்தியிருந்தபோது கைப்பேசி அடித்தது. பரீனா தாத்தாவின் எண்தான். அவர் அழைத்தால் முதல் வார்த்தை எப்போதும் “மெஷினப் போட்டியா?” என்றுதான் இருக்கும். அன்று பேசியது அவருடைய மகள் ரிஸ்னா. “சுகந்தி, உம்மா மௌத்தாகிட்டா. சுபஹுக்குப் பொறகு. ளுஹரோட எடுக்கப் போறோம்” என்றார். அவர் சொன்ன உம்மா பரீனா தாத்தாதான், விடியற்காலைத் தொழுகைக்குப் பிறகு இறந்திருக்கிறார், மதியத் தொழுகையோடு அடக்கம். “சரி அக்கா” என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் எனக்குப் பேச்சு வருவதில்லை. கதவை முழுவதும் உயர்த்துவதா, இறக்குவதா என்று தெரியாமல் நின்றபோது ஒருவர் குனிந்து உள்ளே வந்து அடையாள அட்டையை நீட்டினார். இரண்டு பிரதி எடுத்துக் கொடுத்தேன். பிறகு கதவை இறக்கிவிட்டு அலவத்துகொட பஸ்ஸைப் பிடிக்கப் போனேன்.

மையத்து வீட்டில் பெண்கள் இருந்த அறையில் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பின்னால் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் மெதுவாகக் கேட்டார். “கட்டுகஸ்தோட்டையில தமிழ் ஆக்கள்ட கலியாணமொன்டப் பிழையா எழுதிக் கொழப்பினது இந்தப் பரீனாதானே?” மற்றவர், “ஓ, இவதான். பாவம், ஒரு பிழைதானே” என்றார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த நாள் எங்கள் கடைத்தெருவின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் அனுதாபம் எழுதியிருந்தார். “ஒரு விஷயத்தில் பெரிய பிழை விட்டாலும், மற்றபடி தங்கமான மனுசி.” அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிட்ட கைகள். நான் பதில் எழுதி அழித்தேன். நான்கு தடவை எழுதினேன், நான்கு தடவையும் அழித்தேன்.

நாற்பதாம் நாளுக்குச் சிறிய மலர் ஒன்று அச்சடிக்கிறார்கள். “நீயும் எழுது, நாலு வரி போதும்” என்று ரிஸ்னா அக்கா சொன்னார். இது நான்கு வரியில் முடியாது. எனக்குப் பதினேழு வயது. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஏன் விட்டேன் என்பது எங்கள் வீட்டு விஷயம், அதை இங்கே எழுதப் போவதில்லை. இந்த மலரில் சட்டத்தரணிகளும் அதிபர்களும் எழுதுகிறார்கள். அவருடைய நற்குணங்களை அவர்கள் எழுதட்டும். அவரை அறிந்த நீங்கள் எல்லோரும் பேசிக்கொள்ளும் அந்தப் பிழையைப் பற்றி நான் எழுதுகிறேன். அது அவருடைய பிழை அல்ல.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பரீனா தாத்தா சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளர். சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், காணி உறுதி எல்லாம் மாற்றிக் கொடுப்பார். கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு இந்தப் பக்கம், போட்டோகொப்பி எடுக்கும் கொமியூனிகேஷன் கடையின் பின்பாதியில் அவருக்கு ஒரு மேசையும் எனக்கு ஒரு கணினியும் இருந்தன. அவர் சொல்லச் சொல்ல நான் தட்டெழுதுவேன். ஏறக்குறைய மூன்று வருடம். அவர் எனக்கு ஒன்றும் கற்றுத் தரவில்லை. அதற்கு இரண்டு பேருக்கும் நேரம் இருக்கவில்லை. நான் பிழையாகத் தட்டினால் மேசையில் பேனையால் தட்டுவார், அவ்வளவுதான். என் பிஸ்கட்டைக் கேட்காமல் எடுத்துச் சாப்பிடுவார். சீனி வருத்தம் இருந்தும் சாப்பிடுவார்.

‘தாத்தா’ என்று நான் எழுதுவதைப் பார்த்து எங்கள் பக்கத்து ஆட்கள் குழம்ப வேண்டாம். முஸ்லிம்கள் அக்காவைத்தான் அப்படிக் கூப்பிடுகிறார்கள். நான் சேர்ந்த முதல் வாரத்தில் யாரோ “பரீனா தாத்தா ஈக்கிறாவா?” என்று கேட்டபோது, இங்கே கிழவர் ஒருவரும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஒரு மாதத்துக்குப் பிறகு நானும் அப்படியே கூப்பிடப் பழகிக்கொண்டேன். ஒரு நாள் நான் “தாத்தா, ஆள் வந்திருக்கு” என்று கூப்பிட, வந்திருந்த சிங்கள அம்மா என்னுடைய அப்பா எங்கே என்று சுற்றிப் பார்த்தார். சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பா. பரீனா தாத்தா அன்று கண்ணில் நீர் வரச் சிரித்தார். “பாரு, ஒரே சொல்லுல நான் அக்கா, அப்பா, அப்பாட அப்பா. சீல் மட்டும்தான் ஒன்டு” என்றார்.

உறவுச் சொற்களில் அவர் கவனமாக இருந்ததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். தெரியாத இடத்தில் அவர் புள்ளி வைப்பார். “அந்த இடத்துல புள்ளி போடு, பொறகு பாப்பம்” என்பார். பார்த்தும் தெரியாவிட்டால் புள்ளியை அப்படியே விட்டு, கீழே ‘மூலத்தில் தெளிவில்லை’ என்று குறிப்பு எழுதுவார். ஒரு தடவை தோட்டத்திலிருந்து வந்த ஒரு வயதானவரின் பிறப்புப் பதிவில் தாயின் பெயர் பாதி அழிந்திருந்தது. முத்தம்மாவா, முத்தாயியா தெரியவில்லை. புள்ளி வைத்துக் கொடுத்தோம். அலுவலகமொன்றில் அதை ஏற்க மறுத்து, ஏதாவது ஒன்றைப் போட்டு வரச் சொல்லியிருந்தார்கள். பரீனா தாத்தா அந்த மனிதரையும் கூட்டிக்கொண்டு நேரே போனார். “ஒங்கட உம்மாட பேருக்கு ஏதாவது ஒன்டப் போடச் சொன்னா நீங்க போடுவீங்களா?” என்று அந்த அதிகாரியிடம் சிங்களத்தில் கேட்டாராம். பின்னேரம் வரைக்கும் அங்கேயே கதிரையில் உட்கார்ந்திருந்து, புள்ளிகளோடேயே கையெழுத்து வாங்கி வந்தார்.

போன வருடம் ஒரு முதலாளி வந்தார். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவர். எங்கள் ஆட்கள்தான். பெயரையும் கடையின் பெயரையும் எழுத மாட்டேன். அவருடைய மகள் வெளிநாட்டில் தாதியாக வேலை செய்யும் இடத்தில் ஓர் அமெரிக்கரைக் கல்யாணம் செய்ய முடிவெடுத்திருந்தார். முதலாளிக்குச் சம்மதம். கம்பளையில் இருக்கும் அவருடைய அண்ணனுக்குத்தான் சம்மதம் இல்லை. குடும்பம் என்ன குடும்பம் என்று விசாரிக்காமல் பெண் கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்.

“கம்பளையில மாப்பிள்ளைன்னா நாலு கடையில போய் விசாரிக்கலாம். அமெரிக்காவுல நான் யாருகிட்டம்மா கேக்கிறது?” என்றார் முதலாளி. “மகள்கிட்ட சொன்னேன். மாப்பிள்ளைப் பையன் இந்தப் பொஸ்தகத்த அனுப்பியிருக்காரு.”

அது அவர்கள் குடும்பத்தில் யாரோ ஒருவர் தொகுத்து அச்சடித்த மெல்லிய புத்தகம். மாப்பிள்ளையின் பாட்டனுக்கும் பாட்டன் ஒருவர், நூற்றைம்பது வருடத்துக்கு முன் அமெரிக்கக் கடற்படையில் அதிகாரியாக இருந்தவர். அவருடைய வாழ்க்கையும் குடும்ப விவரமும் அதில் இருந்தன. முன்பக்கத்தில் படம். கழுத்து வரை பொத்தான் போட்ட சட்டை, கன்னமெல்லாம் கிருதா, சிரிப்பே இல்லாத முகம். முதலாளிக்கு அந்த முகம் பிடித்துவிட்டது. “பாத்தீங்களா, கௌரவமான ஆளு” என்றார். நாங்கள் இரண்டு பேரும் அவருக்குக் கப்பித்தான் என்று பெயர் வைத்தோம்.

அந்த வாரம் முழுவதும் கப்பித்தானோடுதான் எங்கள் வேலை. அவர் ஒரு துறைமுகத்து மரத் தச்சரின் மகன். ஏழு பிள்ளைகளில் மூன்றாவது. பதினான்கு வயதில் கப்பலில் ஏற்றிவிட்டார்கள். வெப்பமான கடல்களில் கொள்ளைக்காரரைத் துரத்தியிருக்கிறார். காய்ச்சலில் கப்பலில் இருந்த பாதிப் பேர் இறந்தபோது பிழைத்திருக்கிறார். லெப்டினன்ட் என்ற ஒரே பதவியில் தலை நரைக்கும் வரை காத்திருந்திருக்கிறார். மேலே இருந்தவர்கள் செத்தால்தான் கீழே இருந்தவருக்கு இடமாம். கல்யாணம் செய்த பிறகும் வீட்டில் இருந்த வருடங்களை விரல் விட்டு எண்ணலாம். மனைவிக்கு எழுதிய கடிதங்களில் சாப்பாட்டைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருந்தார். “புழு இல்லாத பிஸ்கட் ஒன்றைக் கனவில் கண்டேன்” என்று ஒரு வரி இருந்தது. அதைச் சொல்லிவிட்டுப் பரீனா தாத்தா என் பிஸ்கட் பக்கெட்டை எடுத்தார்.

ஒரு பக்கத்தில் அவர் நிறுத்திவிட்டார். கப்பித்தானின் பொறுப்பில் இருந்த கப்பல் பாறையில் மோதியிருக்கிறது. விசாரணையில் அவர், சுக்கான் பிடித்தவன் தான் சொன்னதைக் கேட்கவில்லை என்று சொல்லியிருக்கிறார். அவரைக் குற்றமற்றவர் என்று விட்டுவிட்டார்கள். “களங்கமின்றி வெளியே வந்தார்” என்று புத்தகம் பெருமையாகச் சொன்னது. “சுக்கான் புடிச்சவன்ட பேர் எங்க?” என்று பரீனா தாத்தா முன்னும் பின்னும் புரட்டினார். “இவ்வளவு பக்கத்தில அவனுக்கு ஒரு வரி இல்ல. அவனுக்கு என்ன நடந்தது என்டும் இல்ல. கழுத்து வரைக்கும் பொத்தான் போட்டா போதுமா மனுசனுக்கு?” ஆனால் ‘களங்கமின்றி’ என்பதை மாற்றவில்லை. அப்படியே தட்டச் சொன்னார்.

பரீனா தாத்தாவைப் படுத்தியது வேறு விஷயம். கப்பித்தானைக் கடற்படையில் சேர்த்துவிட்டது அவருடைய ‘அங்கிள்’ என்று புத்தகத்தில் இருந்தது. “மாமாவா, பெரியப்பாவா, சித்தப்பாவா? இங்கிலீசுக்காரனுக்கு எல்லாம் ஒரே சட்டிதான்” என்று புள்ளி போடச் சொன்னார். ஆறு பக்கம் தள்ளி, அவர் தாயின் தம்பி என்று தெரிந்தது. மாமா என்று நிரப்பினோம். பிறகு இன்னோர் இடம் வந்தது. கப்பித்தான் தன் ‘கசின்’ ஒருவரை மணந்தார். எந்தக் கசின் என்று கடைசிப் பக்கம் வரை தேடியும் இல்லை. “புள்ளிய விடு. கீழ குறிப்பு போடு” என்றார். போட்டேன்.

கடைசி நாள், முதலாளி முன்னால் வாங்கில் உட்கார்ந்திருந்தார். வெளியே அவருடைய ஓட்டோ நின்றது. பரீனா தாத்தாவுக்கு அன்று ஆஸ்பத்திரியில் கிளினிக். கைப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். நான் அச்செடுக்கும்முன் ஒரு தடவை வாசித்தேன். எல்லாம் அழகாக இருந்தது. அந்தப் புள்ளிகள் மட்டும் பல் விழுந்த இடம் போலத் தெரிந்தன. ‘தன் ......... மணந்தார்.’ ஒரு குடும்பத்தைப் பற்றி விசாரிக்கும் காகிதத்தில், யாரைக் கட்டினார் என்ற இடத்தில் புள்ளி. நான் யோசித்தேன். மாமா இவரைக் கைதூக்கிவிட்டிருக்கிறார். தன் வீட்டில் வைத்துச் சாப்பாடு போட்டிருக்கிறார். எங்கள் பக்கத்தில் ஒரு மாமா தன் அக்கா மகனுக்கு இவ்வளவும் செய்கிறார் என்றால் எதற்காக? தன் மகளைக் கொடுக்கத்தான். வேறு யாரைக் கட்டியிருப்பார்? புள்ளிகளை அழித்து ‘மாமன் மகளை’ என்று தட்டினேன். இனித் தேவையில்லை என்று அடிக்குறிப்பையும் எடுத்துவிட்டேன்.

அவர் ஒவ்வொரு வரியையும் பார்க்காமல் முத்திரை குத்த மாட்டார். அன்று மட்டும், “பாத்தியா?” என்று கேட்டார்.

“பாத்தேன் தாத்தா” என்றேன்.

கையெழுத்துப் போட்டு முத்திரை குத்திவிட்டுப் போனார். முதலாளி அங்கேயே நின்று வாசித்தார். கப்பித்தான் கடைசியில் பெற்ற பதவியின் பெயரில் கொஞ்சம் சிக்கினார். “இது என்னம்மா, கொமட்டா?” என்றார். “கொமடோர் முதலாளி” என்றேன். அது வரைக்கும் அவரிடம் நான் பேசிய ஒரே வார்த்தை அதுதான். பிறகு ‘மாமன் மகளை’ வந்த இடத்தில் அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். “அடடா, வெள்ளைக்காரனா இருந்தாலும் முறை தெரிஞ்ச குடும்பம்!” என்றார். அதில் இருபது பிரதி எடுத்துக்கொண்டு போனார். கம்பளை அண்ணன் அந்த வரியை வாசித்த பிறகுதான் சம்மதித்தார் என்று பின்னால் கேள்விப்பட்டோம். நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்தார்கள்.

நிச்சயதார்த்த வீட்டில் மாட்டுவதற்காக முதலாளி அந்தக் குடும்பத்தின் வம்சப் படத்தையும் கொண்டுவந்து கொடுத்தார். மாப்பிள்ளை தனியாக அனுப்பிய பெரிய தாள். கோடு கோடாகப் பெயர்கள். பரீனா தாத்தா பென்சிலால் ஒரு கோட்டின் மேல் போய்க்கொண்டே இருந்தார். பிறகு திரும்பி வந்தார். மறுபடி போனார். கப்பித்தானின் அப்பாவான தச்சருக்கு ஒரு தம்பி. அந்தத் தம்பியின் மகள்தான் கப்பித்தானின் மனைவி.

“சுகந்தி, மொதல் பேப்பர்ட கொப்பி எடு.”

எடுத்துக் கொடுத்தேன். வாசித்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“‘மாமன் மகள்’. இது ஆர்ட வாயில வந்த சொல்லு?”

நான் விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் காத்திருந்தார். முன்னால் யாரோ போட்டோகொப்பி எடுத்து முடித்துப் போகும் வரை காத்திருந்தார். “சரி” என்றார். திருத்திய பக்கத்தைத் தானே சொல்லித் தட்டெழுதச் செய்து, கையெழுத்திட்டு, முத்திரை குத்தினார். “கொடைய எடு, போவம்” என்றார்.

முழங்கால் வலியோடு பாலத்தை நடந்தே கடந்தார். பஸ்களுக்கும் லொறிகளுக்கும் பக்கத்தில், கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்து. கடையில் முதலாளியோடு கம்பளை அண்ணனும் இருந்தார்.

“வாங்க வாங்க, நீங்களே வந்துட்டீங்களா? படம் முடிஞ்சிருச்சா?” என்றார் முதலாளி.

“படம் முடிஞ்சி. அதுக்கு முந்தி ஒரு பிழை ஈக்கி முதலாளி. என்ட பிழை. மொதல் பேப்பர்ல ‘மாமன் மகள்’ என்டு ஈக்கி. அது சரியில்ல. அவ அந்த மனுசன்ட சாச்சாட மகள். ஒங்கட முறையில சித்தப்பா மகள்.”

முதலாளி பகிடி என்று நினைத்துச் சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை. “சித்தப்பா மகள்னா தங்கச்சி” என்றார்.

“அவங்கட ஊர்ல அது தங்கச்சி இல்ல. கசின்.”

“கசினோ, கிசினோ. அண்ணன் தம்பி புள்ளைங்க. தங்கச்சியக் கட்டினவன் வம்சத்துலயா நம்ம பொண்ணக் குடுக்கிறது?”

முதலாளி குரலைத் தாழ்த்தினார். “அம்மா, இது நூத்தம்பது வருசத்துக் கதை. யாருக்குத் தெரியப் போகுது? பழைய பேப்பரே இருக்கட்டுமே. இந்தப் படத்துல அந்த ஒரு கோட்ட மட்டும் கொஞ்சம் அழிச்சிட்டா...”

“கோடு என்ட இல்ல முதலாளி, நான் அழிக்க. சீல்தான் என்ட.”

“உங்க ஆளுங்களுக்கு இதெல்லாம் பெருசாத் தெரியாது” என்றார் அண்ணன். “நீங்க சாச்சா மகளையே கட்டுவீங்க.”

“மார்க்கத்தில ஏலும். எங்கட ஊர்ல நாங்க செய்றல்ல. என்ட சாச்சாட மகன் இன்டைக்கும் எனக்கு நானாதான், ஒங்கட பேச்சில அண்ணன். வேணுமென்டா அவர்கிட்டக் கேட்டுப் பாருங்க, அடிக்க வருவார்.”

சீமெந்து வாங்க நின்ற ஒருவர் சிரித்துவிட்டார். அண்ணனுக்கு அது போதுமாக இருந்தது. “மொழிபெயர்க்கத் தெரியாட்டி எதுக்கு இந்த வேலை? யாரு இவங்களுக்கு சீல் குடுத்தது?” என்று கடை முழுவதும் கேட்கக் கத்தினார்.

நான் பிளாஸ்டிக் வாளி அடுக்குகளுக்குப் பக்கத்தில் குடையோடு நின்றேன். நான் சொல்ல வேண்டியது ‘அது நான் போட்டது’ என்ற மூன்றே சொற்கள். வாயில் இருந்தன. வரவில்லை. பரீனா தாத்தா என் பக்கம் திரும்பவே இல்லை. திருத்திய தாளை மேசையில் வைத்து, காற்றில் பறக்காமல் இருக்க ஒரு பூட்டை எடுத்து மேலே வைத்தார். “பழசக் கிழிச்சிப் போடுங்க. என்ட கையெழுத்து இதுலதான் ஈக்கி” என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

நிச்சயதார்த்தம் நின்றது. அது உண்மை. கல்யாணம் நிற்கவில்லை. அதுவும் உண்மை, அதை யாரும் சொல்வதில்லை. கப்பித்தான் யாரைக் கட்டினார் என்பதற்காகத் தான் கட்டாமல் இருக்க முடியாது என்று மகள் சொல்லிவிட்டார். அவர்கள் அங்கேயே பதிவுத் திருமணம் செய்தார்கள். முதலாளியும் மனைவியும் கைப்பேசியில் பார்த்தார்கள். ஆனால் கடைத்தெருவுக்கு நின்ற நிச்சயதார்த்தம்தான் நினைவில் நின்றது. “பரீனாகிட்டக் குடுத்தா கலியாணம் நிக்கும்” என்று பகிடி பண்ணினார்கள். விவாகச் சான்றிதழோடு வருபவர்கள் எங்கள் வாசலைத் தாண்டி அடுத்த ஒழுங்கையில் இருந்த மொழிபெயர்ப்பாளரிடம் போனதை நான் உள்ளே இருந்து பார்த்தேன். அவரும் பார்த்தார். “போகட்டும், அங்கயும் மனுசர்தானே ஈக்கிற” என்பார். முகத்தைப் பார்த்தால் அப்படி இருக்காது.

ஒரு மழை நாளில் யாரும் வரவில்லை. நான் கேட்டேன். கேட்பதற்கு எனக்கு இரண்டு மாதம் எடுத்தது.

“தாத்தா, அன்னைக்கு ஏன் சொல்லல?”

“எத?”

“நான்தான் போட்டேன்னு.”

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “சொல்லியிருந்தா என்ன நடக்கும்? ‘படிக்காத புள்ளைய வெச்சி வேலை செய்றா’ என்டு அதையே பேசிட்டு இருந்திருப்பானுகள். திருத்தின பேப்பர ஒருத்தனும் வாசிச்சிருக்க மாட்டான்.” பிறகு மறுபடி கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். “அதோட, ஒனக்கு வாய் ஈக்கிதானே? நீ தொறக்கல்ல. ஒன்ட வாய நான் எதுக்குத் தொறக்க?”

எனக்கு அழுகை வந்தது. அவர் ஆறுதல் சொல்லவில்லை. “பிளேன்டீ ஊத்து” என்றார்.

அதற்குப் பிறகும் நான் திறக்கவில்லை. எப்போதாவது சொல்லலாம் என்று இருந்தேன். அவர் நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார், ஐந்தாவது நாள் இல்லை.

போன கிழமை நான் தனியாகப் பாலத்தைக் கடந்து அந்தக் கடைக்குப் போனேன். இதை எழுதுவதற்கு முன் அவரிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. முதலாளி கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டு, “என்னம்மா, என்ன வேணும்?” என்றார்.

“அந்த ‘மாமன் மகள்’ நான் போட்டது. அவங்க புள்ளிதான் வச்சிருந்தாங்க. நான் அழிச்சிட்டுப் போட்டேன். அவங்களுக்குத் தெரியாது.” மூச்சு விடாமல் சொன்னேன். எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை.

அவர் கையிலிருந்த பேனையைக் கீழே வைத்தார். “இப்ப சொல்லி என்னம்மா? அந்த அம்மா போய்ச் சேந்துட்டாங்க.”

“அதுனாலதான் சொல்றேன்.”

“அவங்க மேல எனக்குக் கோபம் இல்ல. சரியான பேப்பர அவங்களே கொண்டாந்து குடுத்தாங்க. வேற யாரு செய்வா? அண்ணன் முன்னாடி என்னால பேச முடியல.”

“அப்ப நாப்பதுக்கு வந்து இத எல்லாருக்கும் சொல்லுவீங்களா?”

அவர் கணக்குப் புத்தகத்தைத் திறந்தார். மறுபடி மூடினார். “அது கஷ்டம்மா” என்றார்.

எனக்கும் கஷ்டம்தான். இந்த மலரில் இதைப் போட வேண்டாம் என்று இரண்டு பேர் ஏற்கனவே சொல்லிவிட்டார்கள். முடிந்த விஷயத்தைக் கிளறக் கூடாதாம். மௌத்தானவரைப் பற்றி நல்லதை மட்டும் எழுத வேண்டுமாம். நான் எழுதியதில் கெட்டது எது என்று கேட்டேன். என்னைப் பற்றியதுதான் கெட்டது, அதை எழுத எனக்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. ரிஸ்னா அக்கா இரண்டு தடவை வாசித்துவிட்டு, “ஒரு எழுத்தும் மாத்தல்ல” என்று சொன்னார்.

‘பெரிய பிழை விட்டாலும்’ என்று எழுதியவருக்கு, கும்பிட்ட கைகளைப் போட்டவர்களுக்கு, மையத்து வீட்டில் எனக்குப் பின்னால் இருந்தவர்களுக்குச் சொல்கிறேன். பரீனா தாத்தா பிழை விடவில்லை. தெரியாததைத் தெரியாது என்று எழுதினார். தெரிந்தபோது, தெரிந்ததை எழுதிக்கொண்டு நடந்து போனார். அவரைப் பற்றி இனி யாராவது அந்தக் கதையைச் சொன்னால், அவருடைய பெயர் வரும் இடத்தில் என்னுடைய பெயரைப் போட்டுச் சொல்லுங்கள்.

அவருடைய பொறுமையைப் பற்றி இந்த மலரில் நிறையப் பேர் எழுதியிருப்பார்கள். நான் கண்ட வரையில் அவருக்குப் பொறுமை அவ்வளவாக இல்லை. இருந்ததைக் குடும்பத்தார் வைத்துக்கொள்ளட்டும். நான் எடுத்துக்கொண்டது அவருடைய கோபத்தை. அது என் கைக்கு இன்னும் கொஞ்சம் பெரிதாகத்தான் இருக்கிறது. ஆனாலும் திருப்பிக் கொடுக்கப் போவதில்லை.

சந்தேகம் உள்ளவர்கள் கடைக்கு வாருங்கள். காலை எட்டரையிலிருந்து பின்னேரம் ஐந்து மணி வரை இருப்பேன். கேட்டால் பதில் சொல்வேன்.

சுகந்தி
கட்டுகஸ்தோட்டை